டேர்டெவில் கை மாறும்போது: புதுக் குழுவிடம் வாசகர் எதை எதிர்பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிடித்த காமிக்ஸின் கதாசிரியரோ ஓவியரோ விலகுகிறார் என்று செய்தி வந்ததும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் கிளம்புகின்றன. புதியவர் கெடுத்துவிடுவாரா, இத்தனை நாள் படித்ததெல்லாம் வீணா, வாங்குவதை நிறுத்திவிடலாமா. இவற்றுக்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒரே தொடரை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. நான் எடுத்துக்கொள்வது மார்வெலின் டேர்டெவில். 1964-லிருந்து எத்தனையோ கை மாறியும் அதிகம் சறுக்காமல் வந்த தொடர் இது. நாயகன் மாட் மர்டாக், நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் வளர்ந்த பார்வையற்ற வக்கீல். மற்ற புலன்கள் அபாரமாகக் கூர்மையானவை. இரவில் சிவப்பு உடையில் கூரைகள் மேல் தாவுகிறவர். தேவையான இடத்தில் வேறு தொடர்களையும் தொட்டுக்கொள்கிறேன்.

படைப்புக் குழு என்றால் யார் யார்?

கதாசிரியர், பென்சிலில் வரைபவர், அதன் மேல் மை போடுபவர், வண்ணம் தீட்டுபவர், வசனங்களை எழுத்தாகப் பதிப்பவர், இவர்களைச் சேர்த்துப் பிடிக்கும் எடிட்டர். விளம்பரத்தில் முதல் இரண்டு பெயர்தான் பெரிதாக வரும். ஆனால் ஃப்ராங்க் மில்லரின் டேர்டெவிலில் க்ளாஸ் ஜான்சனின் மை இல்லாவிட்டால் அந்த இருட்டும் மழையும் அப்படி இருந்திருக்காது. அலெக்ஸ் மலீவ் வரைந்த பக்கங்களுக்கு மாட் ஹாலிங்ஸ்வொர்த் போட்ட வண்ணத்தையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். மாற்றம் என்று செய்தி வந்தால் எத்தனை பேர் மாறுகிறார்கள், எடிட்டர் அதே ஆள்தானா என்று முதலில் பாருங்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏன் மாற்றுகிறார்கள்?

பல நேரம் பதிப்பகம் மாற்றுவதில்லை, அவர்களே கிளம்புகிறார்கள். மாதம் சுமார் இருபது பக்கம், வருடக்கணக்கில், இறுதித் தேதி தவறாமல் கொடுப்பது உடம்பை முறிக்கிற வேலை, அதிலும் வரைபவருக்கு. கதாசிரியருக்குச் சொல்ல வந்தது தீர்ந்திருக்கும், அல்லது நாயகனும் பெயர்களும் தனக்கே சொந்தமாக இருக்கும்படி வேறொரு தொடரைத் தொடங்க நினைப்பார். விற்பனை சரிந்து மாற்றுவதும் உண்டு. வெளியில் இருக்கும் நமக்கு இதில் எது காரணம் என்று பெரும்பாலும் தெரிய வராது, அதனால் புதியவர் பழையவரைத் துரத்திவிட்டு வந்ததுபோலப் பேசுவது அநியாயம்.

பழையவர்கள் போட்ட பாதையில் அப்படியே போனால் என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது. நாம் "இதுதான் டேர்டெவில், இதை யாரும் தொடக்கூடாது" என்று காவல் காக்கிற விஷயங்கள் பலவும் குழு மாறியபோது வந்தவை.

அந்தச் சிவப்பு உடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் 1964-ல் தொடங்கியபோது மாட் மஞ்சளும் கறுப்பும் கலந்த உடையில், கிட்டத்தட்ட குத்துச்சண்டைக் கோதாவில் நிற்பவர் மாதிரி இருந்தார். எவரெட் வரைந்தது முதல் இதழ் மட்டும். அடுத்த சில இதழ்களை ஜோ ஆர்லாண்டோ வரைந்தார், பிறகு வாலி வுட் வந்தார், 1965-ல் வந்த 7-ஆம் இதழில் தலை முதல் கால் வரை சிவப்பாக மாற்றினார். அன்றைக்கு மஞ்சள் உடையே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்றைக்கு நாம் சட்டையில் போட்டுக்கொண்டு திரியும் உருவம் பிறந்தே இருக்காது.

கிங்பின்? அவர் ஸ்பைடர்மேனின் வில்லன். 1967-ல் ஸ்பைடர்மேன் 50-ஆம் இதழில் அறிமுகமானவர். டேர்டெவிலின் ஜென்ம எதிரியாக அவரை இழுத்து வந்தது மில்லர். மில்லர் 1979-ல் 158-ஆம் இதழில் ஓவியராக உள்ளே வந்தபோது இது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த, நிறுத்தப்படலாம் என்ற நிலையில் இருந்த தொடர். 168-ஆம் இதழில் எழுதும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு எலெக்ட்ராவைக் கொண்டுவந்தார். மாட்டின் கல்லூரிக் காதலி, இப்போது கூலிக்குக் கொலை செய்பவள். சீக்கிரமே தொடர் மாத இதழானது. எலெக்ட்ரா, கிங்பின், சிவப்பு உடை எல்லாமே இப்படி நடுவில் வந்து சேர்ந்தவைதான். ஆகவே பழையபடியே இருக்க வேண்டும் என்று கேட்கும்போது எந்தப் பழையதை என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் புதியவரிடம் எதையுமே எதிர்பார்க்கக் கூடாதா?

தாராளமாக எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கவும் வேண்டும். என் கணக்கில் இரண்டு விஷயம் நியாயமானது. ஒன்று, நடந்ததை நடந்ததாகவே வைத்துக்கொண்டு எழுத வேண்டும். முந்தைய குழு செய்தது பிடிக்காவிட்டாலும் அதைக் கண்டும் காணாததுபோல் தாண்டிப் போகக் கூடாது. இரண்டு, ஆளின் குணம் மாறக் கூடாது. மாட் சட்டத்தை நம்புகிறவர், இரவானால் அதை மீறுகிறவர், இரண்டுக்கும் நடுவில் குற்ற உணர்வில் புழுங்கும் கத்தோலிக்கர். இந்த முடிச்சு கையில் இருக்கும்வரை நடை, வேகம், நிறம், வில்லன், ஊர் எல்லாம் புதியவர் விருப்பம்.

பெரிய ஆளுக்கு அடுத்து வருகிறவர் என்னதான் செய்ய முடியும்?

ஆன் நோசென்டி செய்ததைப் பாருங்கள். மில்லர் 1986-ல் திரும்பி வந்து டேவிட் மாஸுகெல்லியுடன் 227 முதல் 233 வரை ஏழு இதழ்களில் ஒரு கதை எழுதினார். பழைய காதலி கேரன் பேஜ் ஒரு போதை ஊசிக்காக மாட்டின் ரகசியத்தை விற்கிறாள், அது கைமாறிக் கைமாறிக் கிங்பினிடம் போகிறது, அவன் மாட்டின் வேலை, வீடு, புத்தி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். சூப்பர்ஹீரோ காமிக்ஸின் உச்சங்களில் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். கதை முடியும்போது மாட்டிடம் வக்கீல் தொழில் இல்லை, கேரனும் ஹெல்ஸ் கிச்சனும்தான் மிச்சம். இதற்கு அடுத்த மாதம் யார் எழுதினாலும் அடி வாங்குவார்கள் என்றுதான் தோன்றும்.

நோசென்டி மில்லரோடு போட்டி போடவே இல்லை. மில்லர் விட்ட இடத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தொழில் போன மாட், கேரனோடு சேர்ந்து ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்கிறார். தெருப் பிள்ளைகள், சுற்றுச்சூழல், பெண்கள் மேல் நடக்கும் வன்முறை, போர் என்று கதை வேறு பக்கம் திரும்பியது. ஜான் ரொமிடா ஜூனியர் வரைய வந்த பிறகு 1988-ல் 254-ஆம் இதழில் டைஃபாய்ட் மேரியைக் கொண்டுவந்தார்கள். ஒரே உடம்பில் சாதுவான மேரியும் கொடூரமான டைஃபாய்டும். கிங்பின் அவளை ஏவியது மாட்டை அடிக்க அல்ல, காதலிக்க வைத்து உடைக்க. மேரியை மாட் விரும்புகிறார், டைஃபாய்டோடு டேர்டெவில் சண்டை போடுகிறார், இரண்டும் ஒருத்திதான் என்று தெரியாமலேயே. மில்லரை நகலெடுத்திருந்தால் இப்படியொரு பாத்திரம் கிடைத்தே இருக்காது. 291-ஆம் இதழ் வரை, நான்கு வருடத்துக்கு மேல் எழுதினார். அவருக்குச் சேர வேண்டிய பெயர் இன்னும் முழுதாகச் சேரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

முன்னவர் பாதியில் விட்டுப்போனதை அடுத்தவர் எடுத்தே ஆக வேண்டுமா?

டேர்டெவிலில் இது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. போகிறவர் மாட்டை மோசமான ஒரு இக்கட்டில் நிறுத்திவிட்டுப் போவார், வருகிறவர் அங்கிருந்து தொடங்குவார். பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மலீவும் 2001 முதல் 2006 வரை செய்த ரன் முழுக்க ஒரு கேள்வியின் மேல் நின்றது: மாட்தான் டேர்டெவில் என்று பத்திரிகையில் வந்துவிட்டால்? (ஒரு குழு தொடர்ந்து செய்யும் இதழ்களை மொத்தமாக ரன் என்கிறோம்.) 81-ஆம் இதழில் (1998-ல் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது) அவர்கள் முடித்தபோது மாட் சிறையில். 82-ஆம் இதழில் எட் ப்ரூபேக்கரும் மைக்கேல் லார்க்கும் அதே சிறைக்குள் தொடங்கினார்கள். தான் உள்ளே தள்ளியவர்களும் தன்னைக் கொல்லக் காத்திருப்பவர்களும் இருக்கும் கட்டடத்தில், உடையும் முகமூடியும் இல்லாத மாட். வெளியே யாரோ டேர்டெவில் உடை போட்டுக்கொண்டு அலைகிறார்கள் என்று செய்தி வேறு. அந்த முதல் ஆறு இதழ்களைப் படித்துப் பாருங்கள், குழு மாறியதே உறைக்காது, ஆனால் வேகம் கூடியிருப்பது தெரியும். லார்க்கின் கோடுகள் மலீவின் இருட்டுக்குப் பக்கத்திலேயே இருந்ததும் ஒரு காரணம்.

பிறகு ப்ரூபேக்கர் 2009-ல், பழைய எண்களையும் கூட்டிப் போட்ட 500-ஆம் இதழில், மாட்டை ஹாண்ட் என்ற நிஞ்ஜா கூட்டத்துக்கே தலைவராக்கிவிட்டுப் போனார். அடுத்து எழுத வந்த ஆண்டி டிக்கிள் அதை எடுத்து 2010-ல் பல இதழ்களுக்குப் பரவும் பெரிய நிகழ்வாக்கினார், ஹெல்ஸ் கிச்சன் நடுவில் கோட்டை எல்லாம் கட்டி. எனக்கு அது ஒட்டவில்லை. அவர் மரபை மீறவில்லை, தந்ததை ஒழுங்காகத்தான் எடுத்துக்கொண்டார், ஆனால் மாட்டின் தவறுகளுக்கு அவருக்குள் புகுந்த ஒரு பேய் பொறுப்பேற்றதும் அந்தக் குற்ற உணர்வுக்கே வேலை இல்லாமல் போனது. கதையைத் தொடர்ந்தால் மட்டும் போதாது, குணமும் நிற்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இருட்டான தொடரைப் புதியவர் திடீரென்று கலகலப்பாக்கிவிட்டால்?

2011-ல் மார்க் வெய்ட் வந்தபோது சரியாக இந்தப் பயம்தான் இருந்தது. மில்லர் காலத்திலிருந்து முப்பது வருடமாக மாட் அழுதுகொண்டும் இழந்துகொண்டும் இருந்தவர். வெய்டின் முதல் இதழில் ஒரு மாஃபியா குடும்பத்துக் கல்யாணத்தில் குதிக்கிறார், ஸ்பாட் என்ற வில்லனோடு சண்டை போடுகிறார், கிளம்பும் முன் மணப்பெண்ணுக்கு ஒரு முத்தம். இது யாருடைய டேர்டெவில் என்று கேட்டவர்கள் உண்டு.

அந்த இதழின் அட்டையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பாவ்லோ ரிவேரா வரைந்தது. மாட் கூரை மேல் நிற்கிறார், சுற்றியுள்ள நகரம் கோடுகளால் ஆனதல்ல, ஒலிச் சொற்களால் ஆனது. புறாவின் உருவமே புறா எழுப்பும் சத்தத்தின் எழுத்துகள். பார்வையற்ற ஒருவருக்கு நகரம் எப்படிப் புலப்படும் என்பதை ஒரே படத்தில் சொன்னது அது. அதோடு வெய்ட் எதையும் மறைக்கவில்லை. மாட்டை எல்லோரும் டேர்டெவில் என்றே சந்தேகப்படுகிறார்கள், நீதிமன்றத்தில் எதிர்தரப்பு வக்கீல் அதை வைத்தே வழக்கைக் கவிழ்க்கிறார், மாட்டால் வாதாட முடியவில்லை. சிரிப்பது ஒரு தீர்மானம், உடைந்து போகாமல் இருக்க மாட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டளை என்று மெல்லத்தான் புரிகிறது. நண்பர் ஃபாகி நெல்சன் அந்தச் சிரிப்பை நம்பாமல் பார்ப்பார், வாசகரும் அப்படியே. 2012-ல் சிறந்த தொடருக்கான ஐஸ்னர் விருது வந்தது, அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் பெரிய விருது. பிறகு கிறிஸ் சாம்னி ஓவியராகச் சேர்ந்து, அது நீண்ட கூட்டணியானது.

முந்தைய குழு செய்ததைப் புதியவர் அழித்துவிட்டால் கோபப்படலாமா?

கோபம் வரும், இயல்புதான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். வெய்டின் கதையில் மாட் நீதிமன்றத்தில் தன் ரகசியத்தை ஒப்புக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ போய்விடுகிறார். 2015-ல் சார்ல்ஸ் சோல் தொடங்கும்போது பார்த்தால் மாட் மறுபடி நியூயார்க்கில், அவர் யார் என்பது மறுபடி யாருக்கும் தெரியவில்லை, எப்படி என்று விளக்கமும் இல்லை. நான்கு வருடக் கதையைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் படும். ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, பர்ப்பிள் மேன் என்ற வில்லனின் பிள்ளைகள் மூலம் விளக்கம் வந்தது, அதற்கு மாட் கொடுத்த விலையும் தெரிந்தது.

சோல் நிஜத்திலும் வக்கீல். மாட்டை அரசுத் தரப்பு வக்கீலாக்கி, முகமூடி போட்டவர் பெயர் சொல்லாமல் சாட்சி சொல்லலாமா என்ற ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். அடிதடியே குறைவான இதழ்கள், ஆனால் டேர்டெவில் என்ற எண்ணத்துக்குள் இருந்த சட்டச் சிக்கலை அவ்வளவு நேராக யாரும் கையிலெடுத்ததில்லை. அவரே கிங்பினை நியூயார்க் மேயராகவும் ஆக்கினார். 2019-ல் வந்த சிப் ஸ்டார்ஸ்கியும் மார்கோ செக்கெட்டோவும் மேயர் கிங்பினை வைத்துக்கொண்டே தொடங்கினார்கள், முதல் இதழிலேயே மாட் அடித்த அடியில் ஒரு திருடன் செத்துப்போகிறான்.

ஓவியர் மட்டும் மாறினால் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். வாசகர் கண்ணுக்கு முதலில் படுவது படம்தான். 1966-ல் ஸ்டீவ் டிட்கோ ஸ்பைடர்மேனை விட்டுப் போனதும் ஜான் ரொமிடா சீனியர் வந்தார். அதற்குச் சற்று முன் அவர் டேர்டெவில் வரைந்துகொண்டிருந்தார், 16, 17-ஆம் இதழ்களில் ஸ்பைடர்மேன் விருந்தாளியாக வந்ததே ஸ்டான் லீ அவரைச் சோதித்துப் பார்க்கத்தான். டிட்கோ திரும்பிவிடுவார் என்று நினைத்து ரொமிடா முதலில் அவர் பாணியைப் பிடிக்கப் பார்த்தார். அப்புறம் தன் கை தானாக வெளியே வந்தது, காதல் காமிக்ஸ் வரைந்து பழகிய கை. டிட்கோ முகத்தைக் காட்டாமலேயே வைத்திருந்த மேரி ஜேன், பின்னாளில் ஸ்பைடர்மேனின் காதலி, ரொமிடா வரைந்த 42-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் வாசலில் வந்து நிற்கிறாள். டிட்கோவின் ஒல்லியான, கோணலான பீட்டர் பார்க்கர் (முகமூடி இல்லாத ஸ்பைடர்மேன்) போனது இழப்புதான். மறுக்க மாட்டேன். கிடைத்ததும் சின்னதல்ல.

எத்தனை இதழ் வரை பொறுத்துப் பார்க்கலாம்?

முதல் கதை முடியும்வரை. பெரும்பாலும் ஐந்து, ஆறு இதழ். பணம் இடித்தால் மூன்று. ஒரே இதழை வைத்துத் தீர்ப்பு சொன்னால் வெய்டின் முத்தத்தோடும் சோலின் விளக்கமில்லாத ரகசியத்தோடும் நின்றிருப்போம்.

இங்கே தொழில் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மாத இதழ்கள் முக்கியமாகக் காமிக்ஸ் கடைகளில் விற்கின்றன. கடைக்காரர் சில மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுக்கிறார், விற்காததைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. முதல் இதழை நாம் படிக்கும்போது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகியிருக்கும். அதனால்தான் கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்கும் வாசகருக்கு இவ்வளவு மதிப்பு. நன்றாக இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு பரவுவதற்குள் சில தொடர்களின் விதி எழுதப்பட்டுவிடுகிறது.

ஒவ்வொரு தடவையும் ஏன் ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்குகிறார்கள்?

ஒன்று என்று போட்டால் அதிகம் விற்கும், புதியவர்களும் தயங்காமல் உள்ளே வருவார்கள். டேர்டெவில் 1998, 2011, 2014, 2015, 2019, 2022, 2023 என்று ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறது. 2014-ல் குழுகூட மாறவில்லை. எண்ணைப் பார்க்காதீர்கள், பெயரைப் பாருங்கள்.

வாசகர் கோபத்தில் எப்போதுமே நியாயம் இல்லையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 1994-ல் மார்வெலின் போட்டிப் பதிப்பகமான டிசியின் கிரீன் லான்டர்ன் தொடரை எடுத்துக்கொள்வோம். புதுக் கதாசிரியர் ரான் மார்ஸ், மூன்றே இதழ்களில், 48-லிருந்து 50-க்குள், பல வருட நாயகன் ஹால் ஜார்டனைக் கொலைகாரனாக்கி, நாயகனுக்குச் சக்தி தரும் மோதிரத்தைக் கைல் ரெய்னர் என்ற இளைஞனிடம் கொடுத்துவிட்டார். பதிப்பகத்தின் முடிவை நடத்திக்கொடுக்க வந்தவர் அவர். ஹாலை மீட்க வாசகர்கள் அமைப்பே தொடங்கினார்கள். ஹால் 2004-ல் ஜெஃப் ஜான்ஸ் கையில் திரும்பி வந்தார். அதற்குள் கைலோடு வளர்ந்த ஒரு தலைமுறை வாசகர்கள் உருவாகிவிட்டார்கள், அவர்களுக்குக் கைல்தான் கிரீன் லான்டர்ன்.

அதே தொடரில் 54-ஆம் இதழில் கைலின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் அடைத்து வைத்தான் வில்லன். 1999-ல் கெயில் சிமோன், அப்போது அவர் வெறும் வாசகி, சிகை அலங்காரத் தொழிலில் இருந்தவர், நாயகனைத் தூண்டிவிடுவதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டார். அது துறையையே திரும்பிப் பார்க்க வைத்தது. பின்னாளில் அவரே டிசியில் பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே தொடரை எழுதினார். எனக்குப் பிடித்த ஆளை மாற்றிவிட்டாய் என்பது ஒரு வகைக் கோபம். ஒரு பாத்திரத்தை மனுஷியாகவே நடத்தவில்லை என்பது வேறு வகை. இரண்டாவதைச் சத்தமாகவே சொல்லுங்கள்.

எழுதியவரிடம் நேரடியாகச் சொல்லலாமா?

கதையைப் பற்றி என்றால் சொல்லலாம். ஆளைத் திட்டுவது, குடும்பத்தை இழுப்பது, மிரட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பிடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், வண்ணம் தீட்டியவர் பெயரையும் சேர்த்து.

தமிழில் படித்தவர்களுக்கு இந்த அனுபவம் உண்டா?

உண்டு, தெரியாமலேயே. 1980-களில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) பிரிட்டிஷ் படைப்பு. 1965-ல் தொடங்கிய அந்தத் தொடரை முதலில் எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெஜ் பன். சீக்கிரமே எழுதும் வேலை ஜெர்ரி சீகலிடம் போனது, சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிய ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடுபவராக மாறினார். மூல இதழ்களில் யார் பெயரும் போடாத காலம் அது, எனவே நம்மில் பலர் கை மாறியது தெரியாமலேயே இரண்டையும் ரசித்தோம்.

டேர்டெவிலைப் புதிதாகத் தொடங்குகிறேன், எந்தக் குழுவிலிருந்து படிக்கலாம்?

வெய்டின் 2011 முதல் இதழ் எளிது, முன்கதை தெரியாமலேயே ஓடும். கனமானது வேண்டுமென்றால் பெண்டிஸ், மலீவ் ரன்னை எடுத்து 81-ஆம் இதழ் முடிந்த கையோடு 82-ஐத் திறந்துவிடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். மில்லரின் 1986 கதையைப் படிப்பவர்கள் அதற்கு அடுத்து நோசென்டியின் 254-லிருந்து 260 வரையாவது படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பழையவை எல்லாம் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன, இணையத்தில் படிக்கும் மார்வெல் அன்லிமிடெட் சந்தாவிலும் இருக்கின்றன. அச்சு இதழ் வந்து சுமார் மூன்று மாதத்தில் புதியவையும் அங்கே வந்துவிடும்.